இன்ஜின் டேங்க்கில் துரு: எடுப்பது எப்படி, வராமல் தடுப்பது எப்படி?

கடலூர், குடிகாடு, சிதம்பரம் பகுதிகளில் ஆயில் இன்ஜினும் பவர் டில்லரும் வருடம் முழுவதும் ஓடுவதில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் பாதி டீசலோடு கொட்டகையில் நின்றுவிடும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய அன்றுதான் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும். பில்டரைக் கழற்றினால் செம்மண் கரைத்தது போல வண்டல் இருக்கும். பங்க்கில் கலப்படம் என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் காரணம் நம் டேங்க்கிலேயே இருக்கிறது.

பாதி காலியான டேங்க்கில் மீதி இடம் காற்று. பகல் வெயிலில் அது விரிந்து மூடியின் துளை வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்று உள்ளே வரும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் தகட்டில் வியர்த்து, சொட்டாக இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கித் தகட்டை அரிக்கும். தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புப் பாசியாகப் படிவதும் உண்டு. பில்டரைத் தாண்டும் துருத்தூள் டீசல் பம்ப்பையும் நாசிலையும் தேய்த்துவிடும். செலவு வைப்பது அதுதான்.

துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சி, பீடி பக்கத்தில் வரக் கூடாது.

துருவை எடுக்க, டேங்க்கைக் கழற்றித் திறந்தவெளியில் வைத்து முழுவதும் வடியுங்கள். முதலில் சோப்புத்தூள் கரைசலால் எண்ணெய்ப் பசையைக் கழுவ வேண்டும். பசை இருந்தால் அடுத்து ஊற்றுவது துருவைத் தொடாது. பிறகு ஒரு கைப்பிடி பழைய நட்டுகளை எண்ணிப் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். எடுக்கும்போதும் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். அதன் பின் கடை வினிகரை நிரப்பி ஓர் இரவு முழுக்க வையுங்கள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதே வேலைதான். புளிப்பு துருவைக் கரைக்கிறது. மறுநாள் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீராலும் நல்ல தண்ணீராலும் அலசி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். காய்ந்ததும் தாமதிக்காமல் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றுங்கள். விட்டால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு பூக்கும். பில்டரை மாற்றுங்கள், சில நாள் ஓட்டியபின் மறுபடியும் திறந்து பாருங்கள்.

பாத்ரூம் ஆசிட் வேண்டாம். துருவோடு தகட்டையும் தின்னும். புகை நெஞ்சை அடைக்கும். ஓட்டை விழுந்த டேங்க்கை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவது அதைவிட ஆபத்து. காலியான டேங்க்கில் நிற்கும் ஆவி வெடித்து ஆள் சாகும். புது டேங்க் வாங்கிவிடுங்கள்.

தடுப்பது சுலபம். வேலை முடிந்த மாலையிலேயே டீசலை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்றுக்கு இடமிருக்காது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். பிளாஸ்டிக் டேங்க் துருப்பிடிக்காது என்றாலும் தண்ணீர் சேரும், அதையும் வடிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. டிரம்மில் டீசலைச் சேமிக்காதீர்கள். துத்தநாகம் டீசலில் கலந்து நாசிலில் படியும்.

பெட்ரோல் களையெடுப்பான், பைக்குக்கு முறை வேறு. இப்போது வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரில் மிச்சம் தீரும்வரை ஓட்டி, டேங்க்குக்குள் ஆயில் சுழற்றி வையுங்கள்.

2015 வெள்ளம் போல இன்ஜின் முழுகிவிட்டால், ஓடுகிறதா என்று ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். முதலில் டேங்க்கை வடித்து, பில்டரையும் இன்ஜின் ஆயிலையும் மாற்றி, உள்ளே புகுந்த தண்ணீரை மெக்கானிக்கை வைத்து வெளியேற்றிய பிறகே ஓட்டுங்கள்.