கையேடு எவ்வளவு சொல்ல வேண்டும்?

வங்கியின் வட்டிக் கணக்கு, ரயில் முன்பதிவு, நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் என எதை எடுத்தாலும் அதன் பின்னால் ஒரு மென்பொருள் இருக்கிறது. அந்த மென்பொருளோ பல்லாயிரம் சிறு செயற்கூறுகளால் ஆனது. எண்களைக் கொடுத்தால் சராசரியைத் தருவது ஒன்று. பட்டியலைக் கொடுத்தால் வரிசைப்படுத்தித் தருவது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் கையேட்டில் ஒரு குறிப்பு உண்டு. அக்குறிப்பு, செயற்கூறு என்ன செய்கிறது என்பதோடு நின்றுவிட வேண்டுமா, அதை எப்படிச் செய்கிறது என்பதையும் விவரிக்க வேண்டுமா என்பது நிரலாளர்களிடையே நெடுநாளைய விவாதம்.

பொருளியல் பயிற்றுவித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கையேடு என்பது எழுதியவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்பது எங்கள் துறையின் பழைய கேள்வி.

கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு தரப்பின் அடித்தளம். பின்னாளில் மாறக்கூடிய வடிவமைப்பு முடிவை ஒவ்வொரு பகுதியும் தனக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். உட்செயலை வெளியே சொன்னால் பிறர் அதன்மீது கட்டிடம் எழுப்பிவிடுவர். பிறகு அதை மேம்படுத்தவும் வழியிராது. எழுதும்போது செலவில்லாத ஒரு வரி, பல ஆண்டுகள் கழித்துக் கடனாக வந்து நிற்கும்.

ஆனால், சொல்லாமல் இருப்பது மட்டும் காப்பாற்றிவிடுமா? சி மொழியில் நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தரவைப் பிரதியெடுக்க 'மெம்காப்பி' என்றொரு செயற்கூறு உண்டு. அவ்விரு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. படிந்தால் விளைவுக்கு உத்தரவாதமில்லை என்கிறது அம்மொழியின் தரநிலை. படியும் நேர்வுகளுக்கென்றே 'மெம்மூவ்' என்ற வேறொரு செயற்கூறு இருக்கிறது. ஆயினும், நடைமுறையில் பிரதியெடுப்பு முன்னிருந்து பின்னாகவே நடந்துவந்ததால், விதியை மீறிய நிரல்களும் தடையின்றி ஓடின. 2010-இல் லினக்ஸின் 'ஜிலிப்சி' நூலகத்தில், வேகத்தைக் கருதிச் சில செயலிகளுக்கு அந்தத் திசை மாற்றப்பட்டது. உடனே ஃபெடோரா 14 பயனர்களுக்கு ஃபிளாஷ் காணொலிகளின் ஒலி சிதைந்துபோனது.

விதிப்படி பிழை ஃபிளாஷினுடையது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸோ, நேற்றுவரை இயங்கியது இன்று இயங்கவில்லை என்பது மட்டுமே பயனருக்குத் தெரியும் என்ற நோக்கில் வாதிட்டார். இறுதியில், ஏற்கெனவே தொகுக்கப்பட்ட நிரல்களுக்குப் பழைய நடத்தை, புதிதாகத் தொகுக்கப்படுபவற்றுக்குப் புதிய நடத்தை என ஏற்பாடு செய்யப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, வழக்காறும் உரிமையாகிவிடுவதை நிலத் தகராறுகளில் நாம் பார்த்ததில்லையா!

இதனை முன்கூட்டியே தடுக்க கோ மொழியினர் ஒரு வேடிக்கையான வழி கண்டார்கள். அதன் 'மேப்' அமைப்பிலுள்ள உறுப்புகளை எடுக்கும் வரிசையை யாரும் நம்பிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு முறையும் அதனை வேண்டுமென்றே கலைத்துத் தருகிறார்கள். பைத்தான் மொழியினர் சென்ற வழி வேறு. 2016-இல் வந்த 3.6 பதிப்பில், நினைவகச் சிக்கனத்துக்காகச் செய்த மாற்றத்தால் 'டிக்‌ஷனரி' அமைப்பு உறுப்புகளைச் சேர்த்த வரிசையிலேயே காத்தது. இது செயலாக்க விவரம் மட்டுமே, நம்ப வேண்டாம் என்று குறிப்பில் எழுதினார்கள். 2018-இல் வந்த 3.7 பதிப்பில் அதுவே மொழியின் உத்தரவாதமாகிவிட்டது. சொல்லலாம், ஆனால் வாக்குறுதியையும் தகவலையும் வேறுபடுத்திச் சொல்ல வேண்டும் என்ற இந்த நேர்மை எனக்கு உடன்பாடானது.

எண்களைக் கையாளும் செயற்கூறுகளுக்கு வந்தால் என் நிலைப்பாடு இன்னும் கண்டிப்பானது. 10, 20, 30, 40 என்ற நான்கு எண்களின் திட்டவிலக்கத்தைப் பைத்தானின் 'நம்பை' நூலகம் 11.18 என்கிறது, 'பாண்டாஸ்' நூலகம் 12.91 என்கிறது. முன்னது நான்கால் வகுக்கிறது, பின்னது மூன்றால். இரண்டும் சரியே. வகுத்தி எது என்பதை உட்செயல் என்று ஒதுக்கி கையேடு மௌனம் காத்தால், ஆய்வு மாணவர் எந்த எண்ணை நம்புவார்?

வரையறை ஒன்றாகவே இருந்தாலும் கணக்கிடும் வழி விடையைக் கெடுக்கலாம். எக்செலின் பழைய பதிப்புகள் திட்டவிலக்கத்தை, வர்க்கங்களைக் கூட்டிப் பின்னர் கழிக்கும் பாடநூல் சூத்திரத்தால் கண்டன. மிகப் பெரிய எண்களுக்கிடையே சிறு வேறுபாடே இருக்கும்போது, அந்தக் கழித்தலில் இலக்கங்கள் தொலைந்து விடை பொய்த்தது. 2003 பதிப்பில்தான், முதலில் சராசரியைக் கண்டு பிறகு விலக்கங்களைக் கூட்டும் முறைக்கு மாறினார்கள். தேசிய வருமானம் போன்ற பெரிய தொகைகளோடு உழல்பவர்களுக்கு இது அற்பச் செய்தியன்று.

ஆகவே நான் வேண்டுவது நிரலின் உள்வரிகளை அல்ல. விடையைப் பாதிக்கும் விவரங்களை. முதலீட்டுத் திட்டங்களை மதிப்பிட உதவும் அக ஈட்டு விகிதத்துக்கான எக்செல் குறிப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. ஊகம் ஒன்றிலிருந்து தொடங்கி, திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்குவதாகவும், தராவிட்டால் அந்த ஊகம் 10 சதவீதம் எனக் கொள்வதாகவும், 20 முயற்சிகளில் விடை கிட்டாவிடில் பிழை காட்டுவதாகவும் அது கூறுகிறது. வரவும் செலவும் மாறி மாறி வரும் திட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விகிதங்கள் இருக்கக்கூடும். எது கிடைக்கும் என்பது தொடங்கிய இடத்தைப் பொறுத்தது. விடை எதிர்பார்ப்புக்கு அருகில் இல்லையென்றால் வேறோர் ஊகத்தைத் தந்து பார்க்குமாறும் அதே குறிப்பு சொல்கிறது.