சுருட்டை விரியனும் மனித உழைப்பும்

நாரந்தனை போன்ற தீவக ஊர்களிலே பாம்பு என்றதும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் நினைவுக்கு வருவது இயல்பே. ஈண்டு நாம் நோக்குவதோ வழிபாட்டில் இடம்பெறாத சிறு பாம்பான சுருட்டை விரியனையாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரண்ட மணற்பாங்கான நிலங்களில் வாழும் இப்பாம்பு பொதுவாக ஒன்றரை அடிக்கு மேற்படுவதில்லை. பகலிற் கல்லிடுக்குகளில் ஒதுங்கி, இரவிலே தேள், பூரான், பல்லி முதலியவற்றை உண்ணும். சினந்தால் உடலைச் சுருட்டிப் பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உராய்த்து ஒலியெழுப்பும். இதன் நஞ்சு குருதி உறையும் ஆற்றலைக் கெடுப்பதாகும். இலங்கையில் இதன் கடியால் இறப்பு நேர்வது அரிது. எனினும் வெறுங்காலுடன் உழைக்கும் மக்களே பாம்புக்கடிக்குப் பெரிதும் இலக்காகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

சிறைப்பட்ட நிலையில் இதே பாம்பைச் சென்னைக்குத் தெற்கேயுள்ள வடநெம்மேலியிற் காணலாம். அங்கு 1978இல் நிறுவப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினையும் மட்பானைகளில் வைத்துப் பேணுகிறது. சில வாரங்களுக்குள் பல தடவை நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு அவை காட்டில் விடப்படுகின்றன. அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து மாற்று மருந்து பெறப்படுகின்றது.

இவ்வுழைப்பின் வரலாறு கருத்தூன்றி நோக்கற்பாலது. முன்னர் இருளரின் பாம்பறிவு தோல் வணிகருக்கே பயன்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்தன. பாம்பைக் கொன்ற கைகளே அதனை உயிரோடு பேணும் கைகளாயின. மாறியது மனித இயல்பன்று. உழைப்பின் சமூக ஒழுங்கமைப்பே. 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். தனிமனிதருக்குக் கிடைத்த அச்சிறப்பு, ஒரு சமூகத்தின் கூட்டறிவை விஞ்ஞானமாக ஏற்பதற்கு ஈடாகாது.

இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாக இந்திய மாற்று மருந்தையே நம்பி வந்துள்ளன. நஞ்சின் இயல்போ பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுவது. ஓரிடத்துப் பாம்பின் நஞ்சிலிருந்து செய்த மருந்து வேறோரிடத்து நோயாளிக்கு அதே அளவு பயன்தரும் என்பதற்கு உறுதியில்லை. எனவே எமது மண்ணின் பாம்புகளை அறிந்து பேணும் உழைப்பை எமது சமூகமும் ஒழுங்கமைத்துக்கொள்ளல் வேண்டும். பாம்பைக் கும்பிடுவதாலோ கண்ட இடத்தில் அடித்துக் கொல்வதாலோ அது கைகூடாது.