அத்தையை ஒரு வார்த்தை கேட்டோமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் கணவர், கொழுந்தனார், நாத்தனார் மூவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என் மாமியாருக்கு அப்போது எண்பது வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி ஆறு மாதமாகியும் தானாக நடக்க முடியவில்லை. தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து பார்த்து, எனக்கும் முதுகு போய்விட்டது. கடைசியில் முதியோர் இல்லம் என்று முடிவாயிற்று. எந்த இல்லம், மாதம் எவ்வளவு, யார் எவ்வளவு போடுவது என்று கணக்கெல்லாம் போட்டார்கள்.

நான் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்து அறையில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே போய் இருக்கப் போகிறவர் அவர். அதுவரை பார்த்துக்கொண்டவள் நான். எங்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இல்லம் மோசமில்லை. சுத்தமாக இருந்தது. வேளைக்குச் சாப்பாடு. ஆனால் மூன்றாவது தடவை பார்க்கப் போனபோது பகீரென்றது. எண்ணெய் தடவிக் கொண்டை போட்டுக்கொள்ளும் அத்தையின் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வாரிவிட ஆள் போதவில்லையாம்.

"உங்களைக் கேட்டாங்களா அத்தை?" என்றேன்.

"யாரும்மா கேட்டா? கொண்டு வந்து விடறப்போ நீங்களே கேக்கலியே!" என்றார்.

சுருக்கென்று தைத்தது. மறுநாளே என் கணவரை அழைத்துக்கொண்டு போய் நிர்வாகியைப் பார்த்தேன். இந்த முறை அத்தையையும் சக்கர நாற்காலியில் பக்கத்தில் உட்கார வைத்தோம். மூன்றே விஷயம் சொன்னார். முடியில் கை வைக்கக் கூடாது. காபி குடித்த பிறகுதான் குளியல். ரயில் சத்தம் கேட்கிற ஜன்னலோரக் கட்டில் வேண்டும். அங்கிருந்த ஆயாம்மாவும் தைரியமாக ஒன்று சொன்னாள்: "வலது பக்கமா தூக்கினா பாட்டிக்கு வலிக்குதும்மா, இடது பக்கமா தூக்கணும்." நிர்வாகி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கூடுதலாக ஒரு பைசா செலவில்லை!

இது சலுகையா, உரிமையா?

உரிமைதான். 1991-ல் ஐக்கிய நாடுகள் சபை முதியோருக்கான கோட்பாடுகளை வெளியிட்டது. இல்லத்தில் இருந்தாலும் தன் பராமரிப்பைப் பற்றி முடிவு செய்யும் உரிமை முதியவருக்கு உண்டு என்று அதில் இருக்கிறது. நம் நாட்டின் 2007-ம் வருஷச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுப் பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதியோருக்கு உதவ 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. ஆனால் காபிக்குப் பிறகுதான் குளியல் என்பதை எந்தச் சட்டமும் வந்து விசாரிக்காது. அது நம் பொறுப்பு.

"மறதி வந்தவங்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்?" என்பார்கள். சென்னையில் 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காக 'பேன்யன்' என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். 2015-ல் அவர்கள் ஆரம்பித்த 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், இல்லத்திலேயே பல காலம் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருக்களில் வீடெடுத்துக் குடும்பம் போல வாழ்கிறார்கள். உதவிக்கு ஆள் உண்டு. ஆனால் யாரோடு இருப்பது, என்ன சமைப்பது என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். அவர்களால் முடிகிறதென்றால் நம் வீட்டுப் பெரியவர்களால் முடியாதா?

சகோதரிகளே, இதைச் செய்து பாருங்கள்

1. இல்லத்தைப் பார்க்கப் போகும்போது, அங்கே இருக்கப் போகிறவரையும் அழைத்துப் போங்கள். சில நாள் தங்கிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.

2. அங்கே இருக்கிற ஒரு பாட்டியிடம், "குறையிருந்தா யார்கிட்ட சொல்வீங்க? சொன்னா நடக்குமா?" என்று தனியாக விசாரியுங்கள்.

3. சாப்பாடு, தூக்கம், குளியல், பூஜை, பிடிக்காதவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.

4. மறதி உள்ளவரிடம் பெரிய கேள்வி வேண்டாம். இரண்டு புடவையைக் காட்டி "எது?" என்று கேளுங்கள். முகமே பதில் சொல்லும்.

5. வீட்டில் பார்த்துக்கொண்டவளையும், இல்லத்து ஆயாவையும் பேச விடுங்கள். மாதம் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள்.

இப்போது அத்தைக்குக் கொண்டை போடுகிற அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. போன வாரம் ஆசையாகத் தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு போனேன்.

"கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து எடுத்துண்டு வந்திருக்கலாமே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" என்றார்.

"தப்புதான் அத்தை" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.