கிளியாக வந்த காதலன்! கழுமரத்தில் முடிந்த கதை

அவன் நினைத்தால் கிளியாகப் பறப்பான். நினைத்தால் வளையல் செட்டியாக வீதியில் நடப்பான். எந்தக் காவலையும் தாண்டி, எந்த மதிலையும் கடந்து, தன் காதலியைத் தேடிப் போய் விடுவான்.

அப்பேர்ப்பட்டவன் கடைசியில் கழுமரம் ஏறினான். ஏன்?

உருவம் மாறும் காதலர்களின் கதை உலகம் எங்கும் உண்டு. ஐரோப்பாவில் அந்தக் காதலன் ஓநாயாகவும் மாறுவான். தமிழ்நாட்டிலோ அவன் கிளியாக மாறினான், கிழவனாக மாறினான், வேங்கை மரமாகக்கூட நின்றான்.

குன்றத்தூர் மலை

சென்னைக்குத் தென்மேற்கே இருக்கிறது திருமுடிவாக்கம். இன்று அது தொழிற்பேட்டை ஊர். பட்டறைகளில் இரவும் பகலும் வேலை நடக்கிறது. அடுத்த ஊர் குன்றத்தூர். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது.

குன்றத்தூர் மலையின் மேல் முருகன் கோவில் இருக்கிறது. "தென்தணிகை" என்று அதற்கு ஒரு பெயர். திருப்போரூரில் இருந்து திருத்தணிக்குப் போகும் வழியில் முருகன் இங்கே தங்கினான் என்பது தல வரலாறு.

அந்த முருகனே உருவம் மாறிய காதலன்தானே!

வேலூர் பக்கத்து வள்ளிமலையில் தினைப்புனம் காத்தாள் வள்ளி. அவளைப் பார்க்க முருகன் வேடனாக வந்தான். பேச்சுக் கொடுத்துக் கொண்டிருந்தபோது அவள் தந்தை நம்பிராஜன் வந்து விட்டான். உடனே வேங்கை மரமாக நின்றான். பிறகு நரைத்த தலையோடு கிழவனாக வந்தான். வள்ளி மசியவில்லை. அண்ணன் பிள்ளையாரைக் கூப்பிட்டான். யானை வந்தது! பயந்த வள்ளி கிழவனையே கட்டிக் கொண்டாள்.

கடைசியில் கல்யாணம். வேடர் குலமே கூடி நின்று வாழ்த்தியது. இது சுபமாக முடிந்த கதை.

ஓநாயான வீரன்

பிரான்ஸ் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 12-ம் நூற்றாண்டில் மரீ என்ற பெண் கவிஞர் எழுதியது.

ஒரு வீரன். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்க மாட்டான். எங்கே போகிறான் என்று மனைவி கேட்டாள், கெஞ்சினாள். "நான் காட்டில் ஓநாயாகத் திரிகிறேன். என் துணிகளை ஒளித்து வைத்திருக்கிறேன். அவை தொலைந்தால் மனிதனாகத் திரும்ப முடியாது" என்று உண்மையைச் சொல்லி விட்டான்.

மனைவிக்கு நடுக்கம் பிடித்தது. இன்னொருவனை ஏவி அந்தத் துணிகளைத் திருடி விட்டாள். வீரன் ஓநாயாகவே நின்று போனான். வேட்டைக்கு வந்த அரசனின் காலடியில் அந்த ஓநாய் பணிந்தது. அரசன் கொல்லாமல் அரண்மனைக்குக் கொண்டு போனான். உண்மை வெளிவந்தது. துணிகள் திரும்பக் கிடைத்தன. வீரன் மீண்டும் மனிதன் ஆனான்.

கதையில் இப்படி. நிஜத்தில் நடந்தது வேறு. 1589-ல், ஜெர்மனியில் பெட்பர்க் என்ற ஊரில், பீட்டர் ஸ்டம்ப் என்ற விவசாயி "ஓநாயாக மாறிக் கொலை செய்தான்" என்று குற்றம் சாட்டப்பட்டான். சித்திரவதைக்குப் பயந்து ஒப்புக் கொண்டான். அவனைக் கொடூரமாகக் கொன்றார்கள்.

மனிதன் ஓநாயாக மாற முடியாது. ஆனால், ஒரு மனிதனை ஓநாய் என்று சொல்லிக் கொல்ல ஊரால் முடியும்!

காத்தவராயன்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். அம்மன் கோவில்களுக்குப் போகிறவர்கள் காத்தவராயனைப் பார்த்திருப்பார்கள். காவல் தெய்வமாக நிற்பான்.

அவன் கதை பாடலுக்குப் பாடல், ஊருக்கு ஊர் மாறும். நடு இழை மட்டும் மாறாது.

காத்தவராயன் தேவலோகத்தில் பிறந்தவன். சாபம் பெற்று மண்ணுலகுக்கு வந்தான். அவனை எடுத்து வளர்த்தவர் சேப்பிள்ளை என்னும் ஊர்க் காவல்காரர். தாழ்த்தப்பட்ட குலத்தவர்.

ஆரியமாலா உயர்குலத்தில் பிறந்து, ஆரியப்பராஜன் அரண்மனையில் வளர்ந்தவள்.

காவல்காரன் மகன் அரண்மனைப் பெண்ணைப் பார்த்தான். மனத்தைப் பறிகொடுத்தான்.

"வேண்டாம் மகனே! அவளை நினைத்தால் உனக்குக் கழுமரம்தான்" என்று தாய் தடுத்தாள். நடக்கப் போவது அந்தத் தாய்க்கு முன்பே தெரியும். காத்தவராயனுக்கும் தெரியும். தெரிந்தே போனான். இந்தக் கதையைக் கேட்பவர்களின் நெஞ்சைப் பிழிவது இந்த இடம்தான்.

கிளியும் வளையலும்

அரண்மனைக்குள் நேராக நுழைய அவனால் முடியாது. ஆகவே கிளியாகப் பறந்து போனான். வளையல் விற்பவனாக வந்து அவள் கையைப் பிடித்து வளையல் போட்டான். வள்ளிக்காக முருகன் செய்ததைப் போலவே செய்தான்.

பிறகு, அவள் உறங்கும் நேரத்தில் மறைவாக உள்ளே புகுந்து தாலி கட்டி விட்டான்.

பெண்ணின் சம்மதம் கேளாமல் கட்டிய தாலி அது. இன்றைக்குக் கதை கேட்கும் பெண்கள் இதை ஒப்புக் கொள்ள மாட்டார்கள். ஒப்புக் கொள்ளவும் வேண்டியதில்லை. ஆனால், அரசனுக்குக் கோபம் வந்தது அதற்காக அல்ல. "காவல்காரன் மகன் கட்டினானே!" என்பதுதான் அவன் கோபம்.

தந்தையின் கையில் விலங்கு

அரசன் ஒரு கட்டளை போட்டான். காத்தவராயனைப் பிடித்து வரும் பொறுப்பை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவனை வளர்த்த சேப்பிள்ளையிடமே கொடுத்தான்!

கிளியாகப் பறக்கத் தெரிந்தவனை யார் பிடிக்க முடியும்? காத்தவராயன் நினைத்திருந்தால் தப்பி இருக்கலாம். ஆனால், தப்பினால் வளர்த்த தந்தையின் தலை போகும்.

அவன் பறக்கவில்லை. தானாகவே வந்து நின்றான்.

எத்தனையோ உருவம் எடுத்தவன், கடைசியில் மகன் என்ற உருவத்தை மட்டும் மாற்றவில்லை!

விடிய விடியக் கூத்து

இலங்கையில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும். காத்தவராயன் கழுமரம் ஏறும் காட்சிதான் உச்சம். ஒவ்வொரு படியாக ஏறுவான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கூடி இருக்கும் தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை திரைக்கும் வந்தது. 1941-ல் பி.யு.சின்னப்பா நடித்த "ஆரியமாலா" வெளியாகி வெற்றி பெற்றது. 1958-ல் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் "காத்தவராயன்" படத்தில் நடித்தார்கள்.

ஆராய்ச்சி சொல்வது

நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்த அறிஞர் நா.வானமாமலை, இந்தக் கதையையும் பதிப்பித்தார். அவர் ஒன்றைக் கவனித்தார்.

காத்தவராயனைப் பாருங்கள். வளர்ந்தது காவல்காரர் வீட்டில், பிறந்தது தேவலோகத்தில். மதுரைவீரனைப் பாருங்கள். வளர்ந்தது தாழ்த்தப்பட்டோர் குடிசையில். பிறந்தது காசி அரண்மனையில். இருவரும் உயர்குலப் பெண்ணை விரும்பினார்கள். ஒருவனுக்குக் கழுமரம், இன்னொருவனுக்கு மாறுகால் மாறுகை.

இந்த வீரர்கள் உண்மையில் எளிய குலத்தில் பிறந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்றார் வானமாமலை. சாதி மீறிய காதலை மேலோர் பொறுக்கவில்லை. மக்களோ மாண்ட வீரனை மறக்கவில்லை. அதனால், "அவன் பிறப்பால் உயர்ந்தவனே" என்று பின்னால் கதையில் சேர்த்து விட்டார்கள் என்பது அவர் முடிவு.

அதாவது, காத்தவராயன் செத்த பிறகும் அவனை ஒரு முறை உருவம் மாற்றினார்கள்!

யாருக்கு வாழ்த்து?

வேடர் மகளை முருகன் மணந்தான், வாழ்த்தினார்கள். அரண்மனை மகளைக் காவல்காரன் மகன் விரும்பினான், கழுவில் ஏற்றினார்கள். இருவரும் உருவம் மாறித்தான் போனார்கள். ஒருவன் மேலிருந்து இறங்கி வந்தான்; இன்னொருவன் கீழிருந்து ஏறிப் போனான். வித்தியாசம் அவ்வளவுதான்.

கழுமரம் ஒழிந்து நெடுநாள் ஆகிறது. ஆனால், சாதி மாறி மணந்ததற்காகப் பிள்ளைகளைக் கொல்வது ஒழியவில்லை. 2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. வயது வந்த இருவர் மனம் ஒப்பி மணந்து கொள்ள, குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவை இல்லை. அவர்களுக்கு ஆபத்து என்றால் போலீசார் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, பக்கத்தில் காவல் நிற்கும் காத்தவராயனையும் கும்பிடுகிறார்கள். கொன்றவர்களின் ஊரே கோவில் கட்டிக் கும்பிடுகிறது.

கும்பிடுவது நல்லதுதான். அடுத்த காத்தவராயன் கிளியாக மாறாமல், மனிதனாகவே வந்து வாசலில் நின்று பெண் கேட்க முடிந்தால், அது இன்னும் நல்லது.