வீழ்ச்சியும் திருவருளும்: கேமரன் மலைத் தோட்டச் சூழலில் சுந்தரர் வரலாறு

முன்னுரை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் அம்மலைச் சரிவுகளில் குடியேறித் தேயிலை கொய்தனர். தாம் வணங்கிய தெய்வங்களுக்குக் கோயிலும் எழுப்பினர். மலாயாத் தோட்ட வாழ்வில் கடனும் கள்ளுக்கடையும் பல குடும்பங்களைச் சிதைத்தன என்பது வரலாறு. தவறி வீழ்ந்தவன் மீண்டும் இறைவன்முன் நிற்கலாமா என்னும் வினா அங்கு வெறும் ஏட்டுவினா அன்று. அவ்வினாவிற்குச் சைவ மரபு தரும் விடையைச் சுந்தரர் வரலாற்றின்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூளுறவு பிழைத்தல்

12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார் பெரியபுராணத்தில் இவ்வரலாற்றை விரித்துரைக்கிறார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், அவரைப் பிரியேன் என மகிழமரத்தடியில் சூளுரைத்தார். பின்னர்த் திருவாரூர் நினைவு மேலிட ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இருகண் பார்வையும் இழந்தார். அப்பர் சூலைநோயுற்றபோது தமக்கையார் திலகவதியார் திருநீறளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். சுந்தரருக்கோ நேர்ந்த துன்பம் தம் சொல்லைத் தாமே மீறியதன் விளைவு. ஆயினும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. பிழையை ஒப்புக்கொண்டார், தோழமை உரிமையோடு இறைவனிடம் முறையிடவும் செய்தார்.

படிப்படியாக வந்த நலம்

அருள் ஒரேயடியாக வரவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. திருவெண்பாக்கத்தில் கண்ணுக்கு மாறாக ஊன்றுகோலே கிடைத்தது. காஞ்சியில் இடக்கண்ணும், திருத்துருத்தியில் உடற்பிணி நீக்கமும், திருவாரூரில் வலக்கண்ணும் கிட்டின. பார்வை மீண்ட பின்னும் பரவையாரின் வீட்டுக் கதவு திறக்கவில்லை. இறைவனே இருமுறை தூது நடக்க வேண்டியதாயிற்று. உடல்நலம் வேறு, உறவின் நலம் வேறு என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

பரவையாரின் சினம் தணிந்ததை விரித்துப் பாடும் சேக்கிழார், ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாரின் துயரை அவ்வாறு விரிக்கவில்லை. பிழைத்தவருக்குக் கிடைத்த மன்னிப்பைப் போற்றும் ஆசிரியர், பிழைக்கு இலக்கானவரையும் மாணவருக்கு நினைவூட்டுதல் வேண்டும். இன்றேல், குடும்பத்தைக் கைவிட்டவனுக்கு இவ்வரலாறு எளிய சாக்காகிவிடும்.

கவாத்து என்னும் உவமை

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வர். இலையிழந்து கட்டையாய் நிற்கும் செடி, வேரில் தேங்கிய ஊட்டத்தால் மீண்டும் தளிர்க்கிறது. இதனைத் தோட்டப்புற மாணவருக்கு உவமையாகக் காட்டலாம். எனினும் செடி பிழை செய்வதில்லை. ஆதலால் இவ்வுவமை நலம் மெல்ல வருவதை மட்டுமே விளக்கும், குற்றத்தின் பொறுப்பை விளக்காது. அவ்வெல்லையையும் ஆசிரியர் சுட்டுதல் நன்று.

முடிவுரை

மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவிற்காக மாணவர் பதிகங்களைப் பண்ணோடு பயில்கின்றனர். பண்ணுடன் பதிகம் பிறந்த சூழலையும் கற்பித்தால், உடைந்த உள்ளத்தின் குரலே அப்பாடல்கள் என்பது விளங்கும். ஊன்றுகோலும் அருளே, அதனைப் பற்றிக்கொண்டு எஞ்சிய வழியை நடந்தவர் சுந்தரர். வீழ்ந்த தந்தையையோ தமையனையோ வீட்டில் காணும் மாணவனுக்கு இவ்வரலாறு தரக்கூடிய நம்பிக்கை இதுவேயாகும்.