கட்டுப்பாட்டுச் செய்தியும் விடையும்

விடையை எண்வகைப்படுத்திய பவணந்தியார், உடன்படுதலை நேர் என்றும் மறுத்தலை மறை என்றும் கூறி, இரண்டனையும் விடையாகவே கொண்டார். வெம்பாக்கத்துப் பட்டு நெசவாளரை நோக்கி, 'இக்கரை நெய்வீரோ' என வினவின், 'நெய்வோம்' என்பது நேர். 'நெய்யோம்' என்பது மறை. மறைவிடை பெற்றார் வேறு தறி நாடுவர். விடை பெறாதாரோ வாயிலில் நிற்பர். இந்நெறி கணிப்பொறிக்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

கணிப்பொறி இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னலில், சாதனங்களை இயக்கும் நிரற்பகுதி 'டிரைவர்' எனப்படும். யூனிக்ஸ் முறைமைக்கென டென்னிஸ் ரிட்சி 1984-இல் விளக்கிய அமைப்பு, பின்னர் சிஸ்டம் ஃபைவில் 'ஸ்ட்ரீம்ஸ்' என வழங்கலாயிற்று. அதன்கண் நிரல் இடும் கட்டளை, கட்டுப்பாட்டுச் செய்தியாய் மேலிருந்து இறங்கும். இடைநிற்கும் கூறு, தான் அறியாத செய்தியைக் கீழே விடுக்கும். இறுதிக்கண் நிற்கும் டிரைவர்க்கோ அவ்வாறு தள்ளிவிட இடமில்லை. கட்டளையை நிறைவேற்றின் நேர்விடையும், அறியாததாயின் மறைவிடையும், வந்த செய்தியின் அடையாள எண்ணோடு அது மேலே அனுப்புதல் வேண்டும்.

டிரைவர் வாளா இருப்பின் யாது விளையும்? கட்டளையிட்ட நிரல் காத்துக் கிடக்கும். 'ஐ_ஸ்டர்' வழி விடுத்த கட்டளையாயின், வேறு காலவரை குறியாதவிடத்து, 15 நொடி கழிந்தபின் பிழையெனத் திரும்பும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளையே செல்லுமாதலின், பின்வருவனவும் அதுவரை தடைப்படும். ஆகவே, மறுத்தல் குற்றமன்று. விடையின்மையே குற்றம் என்பது பெறப்படும்.