திறக்கக் கூடாத பெட்டி

"கியர் பாக்ஸை மொத்தமா மாத்தணும் சார். ஆறரை லட்சம் ஆகும்."

ஈரோட்டில் ஜவுளித் தொழில் செய்யும் ஒருவருக்கு சர்வீஸ் சென்டரில் கிடைத்த பதில் இது. அவருடையது ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் எஸ்.யூ.வி. ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம். வாரண்டி முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பெட்டிக்குள் கெட்டுப்போனது எது என்று கேட்டிருக்கிறார். "நாங்க பிரிக்கிறதில்லை சார். யூனிட்டா வரும், யூனிட்டா மாத்திடுவோம்" என்றார்கள். வேறு வழியில்லாமல் பணத்தைக் கட்டினார். கழற்றிய பழைய பெட்டியையாவது கொடுங்கள் என்றால் அதுவும் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டது. எந்தப் பழுதுக்காக அவ்வளவு பணம் கொடுத்தார் என்பது அவருக்கு இன்று வரை தெரியாது.

பெரிய எஸ்.யூ.வி. வைத்திருக்கும் பலரிடம் பேசினால் புகார்கள் ஊருக்கு ஊர், பிராண்டுக்கு பிராண்டு மாறாமல் ஒரே வரிசையில் வருகின்றன. 'டி'யில் போட்டால் வண்டி தயங்கித்தான் நகர்கிறது. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது பின்னால் யாரோ இடித்ததுபோல் ஒரு உலுக்கல். அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி போனால் வண்டி முழுக்க நடுக்கம். ரிவர்ஸ் போட்டதும் அடியில் 'டொக்' என்று ஒரு அடி. எண்பதைத் தாண்டினால் பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம். கடைசியில் ஒரு நாள் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்கிறது.

முதல் ஐந்து புகார்களுக்கும் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியவில்லை. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கிறோம். இந்த வண்டியின் குணமே அப்படித்தான். கடைசி நிலைக்கு வரும்போது பெரும்பாலும் வாரண்டி முடிந்திருக்கிறது.

அந்த அறுபது, எழுபது கிலோமீட்டர் நடுக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்ஜின் சுழலும் வேகத்தை கியர் பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய். வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும் அதற்குள் இருக்கும் ஒரு கிளட்ச் இரண்டையும் இறுகப் பிணைக்கிறது. எண்ணெய் பழசாகி, அதிலுள்ள சேர்மானங்கள் வீரியம் இழந்தால் அந்த கிளட்ச் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். நமக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது. இந்தக் கட்டத்தில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றினால் பல வண்டிகள் சரியாகிவிடும். செலவு சில பத்தாயிரங்களில் முடியும். அப்படியே விட்டால் கிளட்சின் மேல்பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்து எண்ணெயில் கலக்கிறது. வால்வ் பாடியின் மிக நுண்ணிய இடைவெளிகளில் அது போய் அடைகிறது. சோலனாய்டுகள் திணறுகின்றன. அழுத்தம் குறைந்ததும் மற்ற கிளட்ச் பிளேட்டுகளும் வழுக்கித் தேய்கின்றன. முதல் நடுக்கத்திலேயே யாராவது எண்ணெயைப் பார்த்திருந்தால் பலருக்குச் செலவு ஆறரை லட்சம் வரை போயிருக்காது.

ஆனால் வண்டியோடு வரும் கையேட்டுப் புத்தகத்தில் அப்படிப் பார்க்கச் சொல்வது அரிது. பல வண்டிகளின் சர்வீஸ் அட்டவணையில் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் மாற்றுவதற்கு ஒரு கட்டமே கிடையாது. வண்டியின் ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்பது கார் நிறுவனங்களின் வாதம். அதே நிறுவனங்களுக்கு கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் உலகின் பெரிய தயாரிப்பாளர் ஒருவர், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றிவிடுங்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார். செய்தவர் மாற்று என்கிறார், விற்றவர் வேண்டாம் என்கிறார். நடுவில் இருப்பவர் வாங்கியவர்.

புத்தகத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். அதிக வெப்பம், மலைப்பாதை, முழு பாரம், நின்று நின்று நகரும் போக்குவரத்து என்று அதில் பட்டியல் போட்டிருப்பார்கள். மே மாதம் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை நேரத்தில் ஊரும் ஒவ்வொரு வண்டியும் அந்தப் பட்டியலில் வரும். இரண்டு டன்னைத் தாண்டிய எடை, ஏழு பேர், மேலே லக்கேஜ் என்று கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் நாற்பது வளைவுகளிலும் ஏறும் வண்டியும் வரும். ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும்போது டார்க் கன்வெர்ட்டரில் வழுக்கல் அதிகம், வெப்பமும் அதிகம். எண்ணெயை முதலில் கொல்வது அந்த வெப்பம்தான். ஆக, நம் ஊரில் கடினமான பயன்பாடு என்பது தினசரிப் பயன்பாடு. அதற்கென்று தனி அட்டவணை உண்டு என்பதை வண்டி விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

கோவையில் இருபது வருடமாக ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் சொன்னது இது. "ஆயிலைக் கொஞ்சம் விரல்ல எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தாலே போதுங்க. கருகின வாசம் வருதா, பொடி தட்டுப்படுதான்னு தெரிஞ்சுபோயிரும். இப்ப வர்ற வண்டியில டிப் ஸ்டிக்கே கிடையாதுங்க. அளவு பார்க்கணும்னாக்கூட வண்டியைத் தூக்கி, கம்ப்யூட்டரை மாட்டி, ஆயில் இத்தனை டிகிரி சூட்டுக்கு வந்தப்புறம்தான் பார்க்கோணும். வண்டிக்காரர் தானா எதையும் பார்க்க முடியாதபடி ஆக்கிட்டாங்க."

அவர் பட்டறையில் ஒரு பெரிய எஸ்.யூ.வி.யின் கியர் பாக்ஸ் முழுக்கப் பிரிக்கப்பட்டு மேஜை மேல் இருந்தது. சர்வீஸ் சென்டரில் மொத்தமாக மாற்றச் சொன்ன வண்டி அது. உள்ளே போயிருந்தது ஒரு சோலனாய்டும் ஒரு செட் கிளட்ச் பிளேட்டும்தான். பிளேட்டும் சீலும் அடங்கிய ஓவர்ஹால் கிட் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. கம்பெனியின் பாகப் பட்டியலில் அந்தப் பிளேட்டுக்கு நம்பரே இல்லை. முழுப் பெட்டிக்கு மட்டும் ஒரு நம்பர். வேலையை முடித்தாலும் வண்டி உடனே ஓடிவிடாது. மாற்றிய வால்வ் பாடியை வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரும் அனுமதியும் கம்பெனி கையில். கை வேலை தெரிந்த மனிதரை ஒரு பாஸ்வேர்டு தடுத்து நிறுத்துகிறது.

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். அங்கே கியர் பாக்ஸை இறக்கினால் அன்றைக்கே பிரிப்பார்கள். மெயின் ஷாஃப்ட், லே ஷாஃப்ட், பேரிங் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார்கள். லாரி உரிமையாளரோ டிரைவரோ பக்கத்திலேயே நிற்பார். பல் உடைந்த கியரை மெக்கானிக் அவர் கையிலேயே கொடுப்பார். அதற்கு மட்டும் பணம். ஏன் உடைந்தது என்ற பேச்சும் அங்கேயே நடக்கும்: ஓவர்லோடா, எண்ணெய் குறைந்ததா, டிரைவர் கிளட்சில் காலை வைத்தே ஓட்டினாரா. இரண்டு தலைமுறையாக இப்படித்தான் ஒரு வட்டாரமே வாகன அறிவை வளர்த்துக்கொண்டது. லாரி டிரைவருக்குக் கிடைத்த அந்த உரிமை நாற்பது லட்சம் கொடுத்து வண்டி வாங்கியவருக்கு இல்லை. அந்தப் பட்டறைகளில் இன்று வேலை பழகும் பையன்களுக்கு இந்தப் பெட்டிகளின் உள்ளே பார்க்கும் வாய்ப்பே கிடைக்காமல் போகும் என்பதுதான் என் பெரிய கவலை. பத்து, பதினைந்து வருடத்தில் இதே வண்டிகள் மூன்றாவது கை, நான்காவது கை என்று கிராமங்களுக்கு வரும். அப்போது அவற்றைச் சரிசெய்ய யார் இருப்பார்கள்?

தூசி இல்லாத அறையும் நுட்பமான கருவிகளும் இல்லாமல் பிரித்தால் பெட்டி இன்னும் கெடும், அதனால்தான் யூனிட்டாக மாற்றுகிறோம் என்று நிறுவனங்கள் தரப்பில் சொல்கிறார்கள். அப்படியென்றால் அந்த அறையையும் கருவியையும் தங்கள் சர்வீஸ் சென்டரிலேயே வைத்துப் பிரிக்கலாமே.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் ஆகியவற்றில் வரும் பழுதுகளுக்குப் பழி நேராக உரிமையாளர் மேல் விழுகிறது. சில நேரம் அது நியாயம்தான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இரண்டு டயரை மட்டும் புதிதாகப் போட்டால் சுற்றளவு வித்தியாசப்படும். டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தை ஓயாமல் தாங்கித் தாங்கித் தேயும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவையைப் போடும் 'பார்ட் டைம்' ரக வண்டியை காய்ந்த தார் சாலையில் அந்த இழுவையிலேயே (4எச்) ஓட்டினாலும் இதே கதிதான். பழுதான ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் கியர் பாக்ஸ் எண்ணெய் பம்ப் ஓடாது, ஏனென்றால் அதை இயக்குவது இன்ஜின். சக்கரங்கள் தரையில் படாமல் தட்டையான வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் வண்டி கொடுக்கும் நாளில் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் போதும். சாவியைக் கையில் கொடுத்து, மாலை போட்டு, புகைப்படம் எடுக்கிறார்கள். இதைச் சொல்வதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் இறங்கிய வண்டிகளில் பின்னர் டிஃபரன்ஷியல் கத்தியதற்கும் ஒரு காரணம் உண்டு. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் பாலாக வெளுத்துவிடும். பல மாதம் கழித்துத்தான் பேரிங்கும் கிரவுன் பினியனும் ஊளையிடும். வெள்ளம் வடிந்ததும் ஆக்சில் எண்ணெயை மாற்றச் சொல்லி எத்தனை பேருக்கு அறிவுறுத்தப்பட்டது?

இனி நீதி கேட்டுப் போனால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கத் தனி அத்தியாயமே உண்டு. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு போடலாம். புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். ஆனால் 'உற்பத்திக் குறைபாடு' என்று சொன்னால் நிபுணர் அறிக்கை வேண்டும். பரிசோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர்தான் முதலில் கட்ட வேண்டியிருக்கும். எதைப் பரிசோதிப்பது? பழைய பெட்டி கம்பெனிக்குப் போயாகிவிட்டது. திறக்க விடாத பெட்டியால் வழக்கிலும் சாட்சி இல்லாமல் போகிறது. இன்னொரு சிக்கல், பெரிய எஸ்.யூ.வி.கள் பலவும் தேய்மானக் கணக்குக்காக நிறுவனத்தின் பெயரில் வாங்கப்படுகின்றன. அப்படி வாங்கியவர் வணிக நோக்கத்துக்கு வாங்கினார், அவர் நுகர்வோரே அல்ல என்பதுதான் எதிர்த்தரப்பு வைக்கும் முதல் ஆட்சேபம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவும் இருக்கிறது. ஆபத்தான குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற அரசே உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் அமலில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை. ஆனால் உரிமையாளர்களின் புகார் வழியாக நடவடிக்கை தொடங்க, குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும். நெடுஞ்சாலையின் நடுவில் திடீரென்று இழுவை போய் நின்ற வண்டியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவருக்கு அது பாதுகாப்புப் பிரச்சினை. அதை 'ஓட்டும் சுகம் சம்பந்தப்பட்டது' என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டால் எண்ணிக்கையில் சேராது.

வெளிப் பட்டறைக்காரர்களுக்கு உதிரிபாகமும் ஸ்கேன் கருவியும் தர மறுப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று இந்தியாவில் 2014-லேயே தீர்ப்பு வந்தது. 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். அதன் பிறகு மேல்முறையீடு, வழக்கு என்று அது இழுத்துக்கொண்டே போனது. 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் ஒன்று. ஆனால் அது தகவல் திரட்டும் இடம், சட்டம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிப் பட்டறைகளுக்குப் பழுதுநீக்கும் விவரங்களைக் கொடுத்தாக வேண்டும் என்று 2007-லேயே விதி வந்துவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்களித்து இதே உரிமையைப் பெற்றார்கள். அங்கே கொடுக்கப்படும் கையேட்டையும் சாஃப்ட்வேரையும் இங்கே கொடுக்க முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. பாகங்கள் தனித்தனியாக விலைக்குக் கிடைக்க வேண்டும். கழற்றிய பெட்டி, வண்டிக்காரர் கேட்டால், அவர் முன்னால் திறக்கப்பட வேண்டும். இதற்கு ஒரு சட்டம் தேவை, அதுவும் உடனே.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் உலுக்கல் வந்த அன்றே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய நிலையில் வந்தது என்று உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள், நகலை வாங்காமல் வராதீர்கள். மீட்டரும் நடுக்கமும் தெரிகிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கியர் எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டியை மாற்ற வேண்டும் என்றால், உள்ளே போனது எது என்று எழுதிக் கொடுத்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். வண்டி சரியாகிவிட்டாலும் புகாரை வாகனங்களைத் திரும்பப் பெறுவதற்கான அரசு இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். புகார்கள் சேரச் சேரத்தான் 110-ஏ பிரிவு அசையும் வாய்ப்பு கூடும்.